என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்த பெயர்

அன்பான சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை நான் முன்னமே எழுதியிருக்க வேண்டும். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டேன். கடவுள் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை.

என் பெயர் ஆரோக்கியமேரி. திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலை தெரிகிற ஒரு சின்ன ஊர். என் கணவர் சவரிமுத்து. முக்கால் ஏக்கரில் மல்லிகையும் சம்பங்கியும் போட்டிருந்தோம். விடியும்போது பூவைப் பறித்து மூட்டை கட்டி, மொபெட்டில் வைத்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அவர்தான் கொண்டுபோவார். போன ஆண்டு ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம் அப்படிப் போனவர் திரும்பி வரவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

எங்கள் ஒரே மகள் ரோஸ்லினுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி விடுமுறைக்காகக் குஜிலியம்பாறையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். நாத்தனார் ரோஸ்லினை அங்கேயே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் அடக்கத்துக்கு வந்தாள். "சின்னப் புள்ள மதினி, தாங்க மாட்டா. கொஞ்சம் பெருசாகட்டும், சொல்லிக்கிரலாம்," என்றாள். எங்கள் பக்கம் இப்படிச் செய்வது உண்டு. சாவு வீட்டிலிருந்து பிள்ளைகளை ஒதுக்கி வைத்து, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி ஆற்றிவிடுவார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. உண்மையில், அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வந்த ரோஸ்லின், "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள்.

"கோயமுத்தூருக்கு வேலைக்குப் போயிருக்காரு. கிறிஸ்துமஸுக்கு வந்துருவாரு," என்றேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். வீடு நிறையப் பூ கிடந்தும் நான் தலையில் பூ வைக்காததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போது அவள் டவுனில் ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மணி அடித்தால் அடுப்படியில் கேட்கும். ஆனால் என் மகள் டை கட்டி, ஷூ போட்டு வேன் ஏறுவதைத் தெருவே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் கணவர் கேலி செய்வார். "பள்ளிக்கூடத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, புள்ளைய பூ மூட்டை மாதிரி வேன்ல ஏத்தி விடுற. மூட்டையாச்சும் ஒரு மணி நேரத்துல போய்ச் சேந்துருது," என்பார். அதற்கு மேல் நான் அவரை வாயைத் திறக்க விடமாட்டேன்.

அவர் போன பிறகு அந்தத் தூரமே எனக்கு வசதியாகிவிட்டது. அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. அப்பா இறந்ததை நான் பள்ளியில் சொல்லவும் இல்லை. சொன்னால் யாராவது பிள்ளையிடம் கேட்டுவிடுவார்களே. அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் பேசவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். காது, தொண்டை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆகஸ்டில், இரண்டாம் வகுப்புக்குப் போனவளை ஒன்றாம் வகுப்பிலேயே திரும்ப உட்கார வையுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். கோயிலை ஒட்டிய மாதா கெபியில், அந்தக் கல் குகைக்கு முன்னால், முழங்காலில் நின்று அழுதேன். இரண்டு செபம் செய்தேன். ஒன்று, "ஆண்டவரே, என் புள்ள வாய்ல இருந்து ஒரே ஒரு வார்த்தை வரணும்." இன்னொன்று, "அவளுக்கு யாரும் எதையும் சொல்லிடக்கூடாது." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

டவுனில் இரண்டு பள்ளிகளில் கேட்டேன். நடுவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். வேறு வழி இல்லாமல் இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கு, தலை குனிந்து அவளைக் கூட்டிப் போனேன். இரண்டு ஆசிரியர்கள், இருபத்தெட்டுப் பிள்ளைகள். தலைமை ஆசிரியை பாண்டியம்மாள் டீச்சர் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருடமாக அங்கேயே இருக்கிறார். ரோஸ்லினை உள்ளே அனுப்பிவிட்டு அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "டீச்சர், அவளுக்கு அப்பா இறந்தது தெரியாது. யாரும் சொல்லிடாம பாத்துக்கங்க."

டீச்சர் நேராகவே சொன்னார். "இருபத்தெட்டுப் புள்ளைகளும் அடக்கத்தன்னைக்கு உங்க வீட்டு வாசல்லதாம்மா நின்னுச்சு. பள்ளிக்கூடம் லீவு, அம்புட்டும் வந்திருந்துச்சு. எந்த வாயை நான் பொத்துறது? நானா சொல்ல மாட்டேன். ஆனா அவ கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்க முந்திக்கங்க."

நான் முந்தவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று நாட்களைக் கடத்தினேன்.

அந்தப் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். காலையில் அங்கேயே பொங்கலோ உப்புமாவோ போடுவார்கள். வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாதவள், மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் இருக்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். இவள் பேசவில்லை என்று யாரும் பெரிதுபடுத்தவில்லை. வருகைப் பதிவில் இவள் பெயர் வந்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை, "வந்திருக்கா டீச்சர்," என்று சொல்லிவிடும். அதுவே வழக்கமாகிவிட்டது.

தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாமல் அங்கே போனவள் அவள். அங்கே புதிதாக வருகிற பிள்ளைக்கு டீச்சர் முதலில் கற்றுக்கொடுப்பது நான்கு பெயர்கள்: தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் பெயர். "தொலைஞ்சுபோனா வீடு வந்து சேரணும்ல," என்பாராம். வீட்டில் நோட்டைத் திறந்து பார்த்தேன். சவரிமுத்து, சவரிமுத்து என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன்.

ரோட்டில் எந்த மொபெட் சத்தம் கேட்டாலும் அவள் பள்ளி கேட்டுக்கு ஓடி வந்து பார்ப்பாளாம். இது எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், அப்படி ஓடியவளை முத்துலட்சுமி பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அவள் நான்காம் வகுப்பு. அவள் அப்பாதான் என் கணவருக்குக் குழி வெட்டினவர்.

"அது உங்க அப்பா வண்டி இல்ல. உங்க அப்பா செத்துப்போயிட்டாருல்ல. எங்கப்பாதான் குழி வெட்டுச்சு. சாயங்காலம் வா, காட்டுறேன்."

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது. வேண்டுமென்றே அந்தப் பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் நான் அவளைக் கூட்டி வருவேன். அன்று பூப் பறிக்க ஆள் வராமல் வேலை மாலை வரை இழுத்ததால் நான் அவளைக் கூப்பிடப் போகவில்லை. அவரது சிலுவையில் பெயிண்டில் பெயர் எழுதியிருந்தது. "நாங்க யாரும் படிச்சுச் சொல்லல அத்தை. அவளேதான் விரலை வச்சு வச்சுப் படிச்சா. சத்தம் வரல, வாய் மட்டும் அசைஞ்சுச்சு," என்று முத்துலட்சுமி பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் நான் கூடையைக் கவிழ்த்துப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் வந்து எதிரில் நின்றாள். முழங்காலில் மண். ஐந்து மாதம் கேட்காத குரல், கரகரவென்று வந்தது.

"அம்மா, அப்பா செத்துப்போயிட்டாரா?"

ஒரே ஒரு வார்த்தை வேண்டும் என்று நான் கடவுளிடம் கேட்டேன். அவர் தந்தது இதுதான். எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை நாள் ஓடினேனோ, அதையே என் பிள்ளையின் வாயில் வைத்து என் முன்னால் நிறுத்திவிட்டார்.

"ஆமா தாயி," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் பூக்குவியலின் மேலேயே விழுந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. நடுவில் எழுந்து என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "நீ ஏன் பொய் சொன்ன? நான் வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்ல." வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

யார் போய்ச் சொன்னார்களோ, பாண்டியம்மாள் டீச்சர் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரோஸ்லினின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இப்பத்தான் அவ அழுகுறா. விடுங்க, அழுகட்டும். நீங்களும் அவகூட ஒரு நாளும் அழுகல போல. அழுகுங்க," என்றார். அவருக்கு நம் வேதம் தெரியாது, கோயிலுக்கு வருகிறவரும் இல்லை. ஆனால் அன்று என் வீட்டுக்குக் கடவுள் அனுப்பிய ஆள் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செபம் கேட்கப்பட்டது என்றதும், மறுநாளே என் மகள் சிரித்து ஓடினாள் என்று நினைக்காதீர்கள். வெகு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. இப்போதும் அதிகம் பேசமாட்டாள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் எழுந்து வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அன்று நாங்கள் கேக் வெட்டவில்லை. ஆனால் அவள் பொய்க்குள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. என் மடியில் இருந்தாள். டீச்சர் பெயர் கூப்பிட்டால் இப்போது அவளே, "உள்ளேன் டீச்சர்," என்கிறாள்.

பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். டை கட்டி அனுப்பியவள் ஆயிற்றே, அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் எந்தப் பள்ளியின் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்குமோ, அங்கே சேருங்கள் என்பேன். நம் பாரம் தெரிந்தவர்கள் நடுவில் பிள்ளை இருப்பதை அவமானம் என்று நினைத்தேன். அதுவே அவளுக்குக் காவலாக இருந்தது. தூரத்தில் தேடியதைக் கடவுள் இரண்டு தெருவுக்குள் வைத்திருந்தார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். செபம் செய்யும்போது எதையும் மறைத்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அவர் தருகிற பதில் வலித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பி வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அவருடைய சிலுவைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தோம். பெயர் எழுத ஆளைக் கூப்பிடக் கிளம்பினேன். ரோஸ்லின் என் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டாள். பழைய எழுத்து பெயிண்டில் மறைந்திருந்தது. நோட்டையும் பார்க்காமல், மண்ணில் உட்கார்ந்து அப்பா பெயரைத் தானே எழுதினாள். கடைசி எழுத்து இடம் பற்றாமல் விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. வந்தவர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். நான் விடவில்லை.