ஸ்ரௌவ்வில் வீதியிலிருந்து கொழும்புக்கு ஓர் அழைப்பு

ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கப் போகிறவர்கள், வீட்டு முகவரான என்னிடம் முதலில் கேட்பது, பனிக்காலத்தில் நாற்பத்தெட்டாம் வீதி எப்படி என்பதுதான். அந்த வீதியில் நான் அவதிப்பட்டது தொண்ணூற்று நாலாம் ஆண்டு, தை மாதத்து ஞாயிறு ஒன்றில். அங்கே வார இறுதிச் சந்தையில் கையுறையும் காலுறையும் விற்றுக்கொண்டிருந்த காலம். கார் கிடையாது. பக்கத்து மேசையில் பாத்திரம் விற்ற நல்லதம்பி அண்ணையின் வான் வண்டியில், பெற்றோலுக்கு ஐந்து டொலர் கொடுத்துப் போய்வருவேன். நான் குடியிருந்த ஸ்காபரோவுக்கு முப்பது கிலோமீற்றர். நல்ல நாளில் முக்கால் மணித்தியாலம்.

அன்று இரவு எட்டு மணிக்கு நான் வீட்டிலிருந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாகவேண்டும். என் மனைவி வசந்தி, மகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலியில் வள்ளமேறிக் கடல் தாண்டி, என்னிடம் வருவதற்கான விசா அலுவலாகக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். இங்கே எட்டு என்றால் அங்கே திங்கள் காலை ஆறரை. ஏழு மணிக்கு அவர்கள் திரும்பும் பஸ். யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி செத்து வருடக்கணக்கு. இந்த அரை மணித்தியாலத்தை விட்டால் இனி எப்போதோ. நான் ஊரிலிருந்து புறப்பட்டபோது மகள் கைக்குழந்தை. இப்போது ஐந்து வயது. அவளுக்கு என்னைத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பனி கொட்டியது. நான் மணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்க அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, உந்த மணிக்கூட்டைக் கழட்டி வை. அவள் நேவிக்குத் தப்பிக் கடலையே தாண்டி வந்திட்டாள். நாங்கள் உந்த வீதியைத் தாண்ட மாட்டமோ?”

சொல்லி வாய் மூடவில்லை, வான் வழுக்கி ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கிவிட்டது. ஏழு மணிவரை தள்ளிப் பார்த்தோம். பிறகு, தான் வானோடு நிற்பதாகச் சொல்லி அண்ணை என்னைத் துரத்திவிட்டார். வரும் வழியில் கண்ட டோனட் கடைக்கு இரண்டு கிலோமீற்றர். பனியில் ஐம்பது நிமிடம் எடுத்தது.

கடைக்குள் காசு போடும் தொலைபேசி இருந்தது, லொட்ஜ் நம்பர் எனக்கு மனப்பாடம். கொழும்புக்கு முதல் மூன்று நிமிடம் ஒன்பது டொலர், சில்லறையாகவே போடவேண்டும் என்றாள் ஆப்பரேற்றர். என் பையில் இருந்ததெல்லாம் தாள்கள். கல்லாவில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் தன்னிடமிருந்த குவார்ட்டர்களை, அந்தக் கால் டொலர்க் காசுகளை எல்லாம் மாற்றித் தந்தாள். ரேடியோவையும் நிறுத்தினாள். அவள் நன்றாக இருக்கவேண்டும்.

வசந்திதான் எடுத்தாள். நேரமில்லையென்று உடனே மகளிடம் கொடுத்துவிட்டாள்.

“அப்பாவைத் தெரியுமோ?” என்றேன். சத்தமில்லை. “அப்பாட்டை வர விருப்பமோ?” அதற்கும் மூச்சுச் சத்தம் மட்டுந்தான். பிள்ளைக்கு நான் யாரோதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசீவரில் தானும் காதை வைத்திருந்த வசந்தி பின்னால் சிரிப்பது கேட்டது. “இஞ்சாருங்கோ, இவள் எங்கை ரெலிபோனைக் கண்டவள்? நீங்கள் கேக்கிறதுக்கெல்லாம் ஓமெண்டு தலையாட்டிக்கொண்டு நிக்கிறாள்.”

“அவளிட்டையிருந்து ரெலிபோனை வாங்காதையும்,” என்றேன். “ஆட்டட்டும்.”

மிச்சக் குவார்ட்டர்களையும் போட்டேன். பல்லு விழுந்ததா, பள்ளிக்கூடம் போகிறாளா, வள்ளத்தில் பயந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வசந்தி பின்னாலிருந்து ஓமாம், ஓமாம், இல்லையாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பேச்சே கேட்காத அழைப்புக்குக் காசு கொடுத்த ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கொள்முதல் இல்லை.

இழுவை வண்டி வந்து தூக்கிவிட, அண்ணை வானைக் கடை வாசலுக்கே கொண்டுவந்தார். “பிள்ளை கதைச்சவளோ?” என்று கேட்டார். நானும் தலையாட்டினேன்.

பனியில் அந்த வீதியால் போகிறவர்கள் வழக்கமான நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வைத்துப் புறப்படுங்கள். மண்வெட்டி, ஒரு பை மணல், போர்வை வண்டியில் இருக்கட்டும். காசு போடும் தொலைபேசியை இப்போது நம்பமுடியாது, கைபேசியில் சார்ஜ் நிரப்பிக்கொண்டு போங்கள். தூரத்திலுள்ள பிள்ளையோடு பேசும்போது மறுமுனையில் சத்தமில்லையென்றால் உடனே வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.