அபூ ஷனஃப் வாய்க்காலின் இடம்

ஒரு பொருளுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்க வேண்டுமா? இன்ஷிராஹ் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அதன்மேல் கோபப்பட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தாள்.

நைல் டெல்டாவின் வடகோடியில், ஒரு பாசன அலுவலகத்தின் முதல் மாடியில், அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் கால் ஆடும் நாற்காலியும் இருந்தன. மதகு திறக்கும் முறைப் பட்டியலுக்கான புரோகிராமை அவளே எழுதியிருந்தாள். திரையில் வாய்க்கால்கள் மரம்போல் விரியும். உச்சியில் பெருவாய்க்கால். அதன் கூட்டல் குறியைத் தட்டினால் ஸமாஹா, ஸபாஹிய்யா என்று இரண்டு கிளை வாய்க்கால்கள். அவற்றைத் தட்டினால் ஊர் வாய்க்கால்கள், கடைசியில் மதகுகள். மேலே ஒரு சரிக்குறி போட்டால் கீழே உள்ள அத்தனைக்கும் தானாக விழும். நான்கு நாள் ஸமாஹாவின் முறை, நான்கு நாள் ஸபாஹிய்யாவின் முறை. பெருவாய்க்காலில் குறி போட்டு, முறை இல்லாத கிளையின் குறியை எடுத்துவிட்டு அச்சடிப்பாள். அரசாங்கக் கழுகு முத்திரை விழுந்த பட்டியலில் இல்லாத மதகை, பெற்ற தகப்பன் கெஞ்சினாலும் மதகுக்காரர்கள் திறக்கமாட்டார்கள். சொன்னதைச் செய்யும் புரோகிராம். அதற்குமேல் அதைப் புகழ அவளுக்கே மனம் வரவில்லை.

மே மாதம் ஒரு காலையில் அபூ ஷனஃப் ஊர் விவசாயி மஹ்ரூஸ் வந்து, காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கீபோர்டின்மேல் வைத்தார்.

"அதுமேல வைக்காதீங்க, மாமா."

"என் நாத்தங்கால் இன்ஜினியரம்மா இது. பிஸ்கட் மாதிரி உடையுது பாரு. ஸமாஹாவுல தண்ணி தளதளன்னு போவுது, எங்க மதகு பூட்டிக் கிடக்கு. மதகுக்காரனைக் கேட்டா பேப்பரைக் காட்டறான். உங்க ஊரே இதுல இல்லங்கறான். எங்க போச்சு ஊரு? அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கடல் காத்து வாங்கவா?"

"எத்தனை நாள் தாங்கும்?"

"நாலு நாள். அஞ்சாம் நாள் மாட்டுக்குத்தான் போடணும்."

திரையைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அபூ ஷனஃப் இரண்டு வாய்க்கால்களுக்கும் கடைமடை. முப்பது வருடமாக இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் வாங்கிப் பிழைத்த ஊர். அதனால் மரத்தில் இரண்டு இடத்திலும் அதை வைத்திருந்தாள். குளிர்காலத்தில் தலைமைப் பொறியாளர் வக்தி அதைப் பார்த்துவிட்டு, "இவனுங்க ரெண்டு வாய்ல குடிக்கறானுங்களா? ஒண்ணை எடு," என்றார். அவளும் மறுக்கவில்லை. மரம் ஒரு கிளைக்கு ஒரு தாயைத்தான் ஒப்புக்கொள்ளும். ஒரே ஊரை இரண்டு இடத்தில் வைத்தால், இங்கே போட்ட குறி அங்கே தெரியாது. அந்த அசிங்கம் அவளையும் உறுத்திக்கொண்டிருந்தது. ஸமாஹாவுக்குக் கீழிருந்த அபூ ஷனஃபைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். அதன் கீழிருந்த பதினொரு மதகுகளும் கூடவே போயின. ஒரு வார்த்தை கேட்காமல் போயின. ஸபாஹிய்யா பக்கம் மிஞ்சியது பெயர்தான். அங்கே வரும் தண்ணீரைத் தலைமடைக்காரர்களின் மோட்டார்கள் வழியிலேயே உறிஞ்சிவிடும்.

கோபம் முதலில் அவள்மேலேயே வந்தது. அதைச் சுமந்துகொண்டு வக்தியின் அறைக்குப் போனாள்.

"வக்தி சார், அபூ ஷனஃப் ஸமாஹாவுலயும் இருக்கணும்."

"மறுபடியுமா? ஒரு புள்ளைக்கு ரெண்டு அப்பன் எழுதுவாங்களா, இன்ஷிராஹ்?" அவர் டீயைக் கலக்கிக்கொண்டே சிரித்தார். "வரைபடத்துல ஸபாஹிய்யான்னு இருக்கு. மாத்தணும்னா கமிட்டி. கமிட்டி செப்டம்பர்ல."

"நாத்து செப்டம்பர் வரைக்கும் நிக்குமா?"

"என்னைக் கேட்டா? நாத்தைக் கேளு."

"நீங்க சொல்லித்தான் அழிச்சேன்."

"விரல் உன்னோடதும்மா."

வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை ஓங்கி அறைந்தாள், உள்ளங்கை எரிந்தது. அந்த விரல் என்னுடையதுதான், அதில் பொய்யில்லை என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் ஏறியது.

அன்று மதியமே பதினொரு மதகுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிச் சேர்த்தாள். பிறகு அபூ ஷனஃபை மவுஸால் பிடித்து இழுத்தாள். ஸமாஹாவின்மேல் கொண்டுபோய் விட்டிருந்தால் போதும், நியாயமும் அதுதான். அவள் அங்கே விடவில்லை. இன்னும் மேலே இழுத்துப் பெருவாய்க்காலுக்கு நேர் கீழே விட்டாள். பதினொரு மதகுள்ள ஊர் வாய்க்கால், நூற்றுக்கணக்கான மதகுள்ள இரண்டு கிளைகளுக்குச் சமமாக, அகரவரிசைப்படி அவற்றுக்கும் முதலில் நின்றது. இனி யார் முறையானாலும் அதற்குத் திறப்புதான்.

படிக்காமல் முத்திரை குத்துவது வக்தியின் வழக்கம். நாற்று பிழைத்தது. மூன்றாவது பட்டியலில் முதல் வரி அவர் கண்ணில் பட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவர் கத்தவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். மவுஸ் கைதவறி இழுபட்டது என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போடு. எல்லாருக்கும் நடக்கறதுதான். நானும் அதை ஸமாஹாவுக்குக் கீழேயே வெச்சுடறேன். போடலைன்னா பழைய பேப்பர் கிடங்குக்கு மாத்தல், என்னால தடுக்க முடியாது."

அவள் தாளைப் படித்தாள்.

"முதல்லயே அங்க வெச்சிருந்தா நானே உன் பக்கம் பேசியிருப்பேனேம்மா," என்றார் வக்தி. இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. "தலைமடைக்கும் மேல எதுக்குக் கொண்டுபோய் வெச்ச?"

இன்ஷிராஹ் பேனாவை மூடி அவர் மேஜைமேல் வைத்தாள். தாளில் கையெழுத்து இல்லை. ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் கிடங்கில் இருந்தாள். அங்கேயும் சிலர் அதையே கேட்டார்கள், மஹ்ரூஸும் கேட்டார். அவள் சொல்லவில்லை.