தொட்டாச்சிணுங்கி டீச்சர்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் தொட்டாச்சிணுங்கி டீச்சர். உண்மையில் அவள் எதற்கும் சிணுங்குகிற ரகமில்லை. ஆய்வகத்துச் சாமானை யாராவது தொட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

ஆய்வகம் என்று பலகை மாட்டிய அந்த அறையில், கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் ஒரே ஒரு பியூரெட் இருந்தது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற கருவி அது. ஒல்லியான நீளக் கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு திருகு இருக்கும். மேல்வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். முன்பு இரண்டு இருந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு பையனின் கை தவறி ஒன்று போயிற்று. புதிது கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினாள். நிதி வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுவருஷமும் அதே பதில் வந்தது, தேதி மட்டும் வேறு. அவள் நிரந்தர ஆசிரியையும் இல்லை. ஒப்பந்தச் சம்பளம், அது வரும்போது வரும். வந்ததில் அமிலமும் வடிதாளும் வாங்கினாள். கண்ணாடிச் சாமான் வரைக்கும் கை நீளவில்லை.

ஆகவே இருப்பதைக் கண்போலக் காத்தாள். பீரோவைத் திறக்கும் முன் கேட்பாள்:

"கையெல்லாம் எங்க?"

"பின்னால டீச்சர்."

"பின்னாலயே இருக்கட்டும். கண்ணு மட்டும் முன்னால வரட்டும்."

அவள் செய்து காட்டுவாள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அளவைக் கண்மட்டத்தில் பார்த்துச் சொல்லும். மற்ற நாளெல்லாம் கரும்பலகைதான். அவள் பலகையில் வரைந்த பியூரெட்டைப் போல அச்சிட்ட புத்தகத்தில்கூட இருக்காது. ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதை அவள் வரைந்து பழகியது வீட்டில், அக்காவின் தையல் மேஜையில். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மிஷின் மிதித்துத் தங்கையைப் பட்டம் வாங்கவைத்தவள் அந்த அக்கா. வெட்டுக்குக் கோடு போடுகிற சுண்ணக்கட்டியால் தங்கை துணியில் வரைவதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"இதுல கழுத்து எது, கை எது? சொல்லிட்டீன்னா நான் பாட்டுக்குத் தைச்சிடுவேன்."

"தைக்கறதுக்கில்லக்கா. நாளைக்குப் பாடம்."

"அளவு ஜாக்கெட் இல்லாமலே தைக்கக் கத்துக் குடுக்கற ஆளுடி நீ."

அன்றைக்கு இருவருமே அதற்குச் சிரித்தார்கள்.

அதுவரை செய்முறைத் தேர்வு சொந்தப் பள்ளியிலேயே நடந்து வந்தது. டீச்சர் செய்து காட்ட, பிள்ளைகள் அளவைப் படித்துக் கணக்குப் போட்டு எழுதும். மதிப்பெண் குறைந்ததே இல்லை. அந்த வருஷம் புது உத்தரவு வந்தது. இனிமேல் தேர்வு டவுன் பள்ளியில், வெளியாள் ஒருவர் மேற்பார்வையில் நடக்கும். எழுதுகிறவர்களில் பாதிப் பேராவது தேறாவிட்டால் அந்தப் பள்ளியின் அறிவியல் பிரிவு மூடப்படும். பிள்ளைகள் விரும்பினால் டவுனுக்குப் போய்ப் படிக்கலாம் என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது.

விரும்பினால் என்று எழுதியவருக்கு அந்தப் பஸ்ஸைத் தெரியாது. விடியற்காலையில் போகிற பஸ் இருட்டிய பிறகுதான் திரும்பும். வகுப்பில் பதினோரு பேர், அதில் எட்டுப் பேர் பெண்பிள்ளைகள். அந்தப் பஸ்ஸில் மகளை அனுப்புகிற வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பிரிவு போனால் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் படிப்பும் பத்தாவதோடு முடிந்தது.

ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தேறிடுமா டீச்சர்?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் சார்."

அவள் சொன்னது பொய்யில்லை. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தது. குடுவையில் காரம், அதில் நிறங்காட்டி இரண்டு சொட்டு, இளஞ்சிவப்பு, மேலிருந்து அமிலம், நிறம் மறைகிற சொட்டில் நிறுத்து. ஒரு எழுத்து பிசகவில்லை. தேர்வன்று பிள்ளைகளோடு அவள் நிம்மதியாகத்தான் பஸ் ஏறினாள்.

சொந்தப் பள்ளி ஆசிரியர் தேர்வு அறைக்குள் போகக்கூடாது என்பது விதி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து அந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தார்.

"உங்க பிள்ளைங்கதானம்மா உள்ள?"

"ஆமாண்ணே. எப்படிப் பண்ணுதுங்க?"

"பண்ணவா? குரூப் போட்டோவுக்கு நிக்கற மாதிரில்ல நிக்குதுங்க."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நீளமான மேஜை. ஆளுக்கொரு பியூரெட், ஆளுக்கொரு குடுவை, எல்லாம் புத்தம்புதுசு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிள்ளை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டியபடி நின்றது.

தேர்வாளர் வயதானவர், கடுகடுப்பானவர் என்று சொல்ல முடியாது. முதல் பெஞ்சில் உட்காரும் கெட்டிக்காரப் பெண்ணின் எதிரில் நின்றிருந்தார்.

"ஏம்மா, மணி ஓடுது. எதுக்குக் காத்திருக்கீங்க?"

"சார், யார் சார் செஞ்சு காட்டுவாங்க?"

"என்னது?"

"செஞ்சு காட்டினா நாங்க அளவு பாத்து எழுதிடுவோம் சார்."

"நீதாம்மா செய்யணும்."

அந்தப் பெண் கண்ணாடிக் குழாயைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

"நாங்க தொடக்கூடாது சார்."

அதற்குமேல் ஜன்னலுக்கு வெளியே நின்றவளால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் முறைகேடு. மொத்தப் பள்ளியின் தேர்வையும் ரத்து செய்யலாம், அவள் வேலையும் போகலாம். திறக்காவிட்டால் பதினோரு பூஜ்யம். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தொடுங்க. உடைஞ்சா உடையட்டும், நான் பாத்துக்கறேன். தொட்டு எடுங்க."

பதினோரு முகமும் ஜன்னல் பக்கம் திரும்பின. தேர்வாளரும் திரும்பினார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னலருகே வந்து அதன் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். மங்கிய கண்ணாடி வழியாக உருவங்கள் அசைவது மட்டும் தெரிந்தது.

உள்ளே நடந்ததை அவள் பிறகுதான் கேட்டறிந்தாள். ஒருவன் குழாயைத் தலைகீழாகத் தாங்கியில் மாட்டினான். ஒரு பெண் அளந்தெடுக்கிற குழாயில் காரத்தை வாய்வரை உறிஞ்சித் துப்பியது. பாதிப் பேருக்குத் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியவில்லை. ஒரே திருப்பில் அமிலம் மடமடவென்று இறங்கியது. இளஞ்சிவப்பு மறைந்தது நிஜம். எந்தச் சொட்டில் மறைந்தது என்றுதான் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை.

அவள் காதில் விழுந்தது ஒரு சத்தம் மட்டும்தான், கண்ணாடி சிதறுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கடைசிப் பெஞ்சுப் பெண், ஆறு மாசம் காய்ச்சலில் கிடந்தும் படிப்பை விடாத பெண், வெளியே வந்து நின்றது.

"டீச்சர், நான் உடைச்சிட்டேன்."

"பரவால்லடி. வேற குடுப்பாங்க, உள்ள போ."

"வேணாம் டீச்சர். அதையும் உடைச்சிருவேன்."

"நேரம் இருக்கு, போம்மா."

"இனி நான் தொடல டீச்சர்."

கெஞ்சினாள், அதட்டினாள், தோளைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தாள். அந்தப் பெண் வராந்தாவில் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டது. தேர்வாளர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஜன்னல் விஷயத்தை நான் எழுதப் போறதில்லம்மா. ஆனா இல்லாத மார்க்கை எங்கேர்ந்து போடறது?"

"பாடம் நல்லாத் தெரியும் சார். வாயால கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். எனக்கே பாடம் நடத்துதுங்க" என்றார். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா தட்டு வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நான்தானக்கா சொல்லிக் குடுத்தேன். ஒரு குழாயைக் காப்பாத்தறேன்னுட்டு பதினோரு பேரைக் கட்டிப் போட்டுட்டேன்."

"உன் கையில ரெண்டு இருந்திருந்தா ஒண்ணைக் குடுத்திருப்ப."

"உடையட்டும்னு அன்னைக்கே விட்டிருக்கணும்."

அக்கா ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

முடிவு வந்தது. நாலு பேர் தேறினார்கள். எழுத்துத் தேர்வில் பதினோரு பேருமே நல்ல மதிப்பெண், செய்முறையில்தான் அடி. பிரிவை மூடும் உத்தரவு அடுத்த வாரமே வந்தது. ஹெட்மாஸ்டர் அதை மேஜைமேல் வைத்து, பறக்காதபடி டஸ்டரைத் தூக்கி வைத்தார்.

"உங்க ஒப்பந்தமும் இதோட முடியுது டீச்சர். நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

"துணைத்தேர்வு என்னைக்கு சார்?"

"பிரிவே இல்லையேம்மா."

"ஏழு பிள்ளைங்க இருக்காங்க சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேதியைச் சொன்னார்.

ஏழு வீட்டுக்கும் நடந்தாள். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார்கள். மற்றவர்கள் பார்க்கலாம் டீச்சர் என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்கள். கடைசிப் பெஞ்சுப் பெண் வீட்டில் இல்லை. வெங்காயக் கிடங்கில் ரகம் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிடங்கு வாசலில் அவளைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தது.

"இங்க வராதீங்க டீச்சர், மேஸ்திரி திட்டுவாரு."

"துணைத்தேர்வுக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. பழகறதுக்கு டவுன் பள்ளியில அந்த லேப் அண்ணன்கிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை திறந்து விடறேங்கறாரு. உன் கையாலயே செய்யலாம்."

"ஞாயித்துக்கிழமையும் இங்க வேலை இருக்கு டீச்சர்."

"ஒரு ஞாயிறு லீவு கேளு."

"அம்மாவுக்குத் தெரியாது டீச்சர், நான் நடுவுல எந்திரிச்சு வந்தது. கஷ்டமான கேள்வின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். பெண் துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு ஓடியது.

வேலை விட இன்னும் நேரம் இருந்தது. அதுவரை காத்திருக்கலாம் என்று டீச்சர் வாசலில் கவிழ்ந்து கிடந்த காலிக் கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்து, இங்கெல்லாம் உட்காரக்கூடாதும்மா என்றார். எழுந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், கிடங்கு வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.