கேட்டில் தொங்கிய பெயர்ப்பலகை

ஐம்பதுகளின் கடைசியில் நானும் கவுஞ்சி ஊர்க்காரன் முத்தையாவும் ஆடிட்டராக ஆசைப்பட்டோம். லண்டன் ஆடிட்டர் ஒருவர் அவனைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் போட்டிருந்தார். எனக்கு யாரும் போடவில்லை.

“ஏலே, லண்டன் படிப்பா, நம்ம நாட்டுப் படிப்பா? நீயே சொல்லு” என்று கேட்டான். பூண்டு விற்ற பணத்தில் கப்பலேற்றிவிட அவன் அப்பா தயாராக இருந்தார்.

“லண்டன்ல பாஸ் பண்ணிட்டு வந்தா இங்க கணக்குல கையெழுத்துப் போட முடியாதுலே. அந்தப் படிப்பு இங்க செல்லாது” என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய். அன்றைக்கே, வரவில்லை என்று லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

அடுத்த மாதம், எஸ்டேட் கணக்குகளில் கையெழுத்துப் போடும் கொடைக்கானல் ஆடிட்டர் ஒருவர், பயிற்சிக்குச் சேர்க்க எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அவர் பங்களா கேட்டில் பெயர்ப்பலகை தொங்கியது. பெயருக்குக் கீழே, ‘சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், லண்டன்’ என்றிருந்தது.

முத்தையா அதை இரண்டு முறை வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வெரசா வா, நேரமாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நாலு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பழகினோம். ஒரு நாளும் அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.