பேர் பொறிக்காத தட்டு

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. காற்றே இல்லாமல் நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது. உத்திரமேரூர் ஏரி மதகருகில் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லைப் படிக்கக் குனிந்தேன். பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் அந்தக் கல்லைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் மழை என்றால் கால் அங்கேதான் போகிறது. குனிந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்த போன் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது.

சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அன்று பதறவில்லை. போன் போனால் போகட்டும் என்று குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்தப் போனில்தான் என் பிட்காயின் வாலெட் இருந்தது. ஆனால் பணம் போனுக்குள் இருப்பதில்லை. அதைத் திறக்கும் சாவி மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சாவியைப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாக வெளியே எழுதி வைத்துக்கொள்ளலாம். போன் தொலைந்தால் வேறு போனில் அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் அடித்தால் போதும், பணம் கைக்கு வந்துவிடும். சொற்கள் தொலைந்தால் வராது. வேறொருவன் பார்த்துவிட்டால் பணம் அவனுடையது. மனுக் கொடுக்க மேனேஜர் கிடையாது.

ஓய்வூதிய நிலுவையாக வந்ததில் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை 2021இல் அதில் போட்டேன். மகனிடம் கை நீட்டாமல் நானும் என் மனைவியும் கடைசிவரை இருப்பதற்கான பணம் அது. நான்கு லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தது. செங்கல்பட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு அது பிடிக்கவில்லை. வாங்கின கம்பெனியின் ஆப்பிலேயே விட்டுவை, இல்லையென்றால் அந்தச் சொற்களைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு என்றான். இரண்டும் முடியாது என்றேன். பணம் என்னுடையது என்றால் சாவியும் என்னிடம்தான் இருக்க வேண்டும்.

காகிதத்தில் எழுதினால் கரையான் அரிக்கும். ஆகவே கனமான எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று வாங்கி, அடிப்பக்கத்தில் சொற்களைப் பொறித்து வைத்தேன். ஒரே ஆளிடம் பன்னிரண்டையும் காட்டக் கூடாது என்று ஆறு சொற்களை உத்திரமேரூர்ப் பாத்திரக் கடையில் பொறித்தேன். அவற்றின் மேல் பட்டையாகத் துணி ஒட்டி மறைத்து, மீதி ஆறைக் காஞ்சிபுரத்தில் பொறித்தேன். இரண்டு கடைக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பேரு போடலியா சார்? பேரு இல்லாத தட்டு வூடு திரும்பாது."

பேர் போட்டால் பணம் யாருடையது என்று நானே சொல்லிக் கொடுத்தது போலாகும். வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் கையை விட்டேன். பழைய தட்டுகள் நான்கு இருந்தன. தாம்பாளம் இல்லை.

எங்கே என்று கேட்டதற்கு மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை பெருநகரில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில்தான் நடந்தது. வரிசைத் தட்டு எட்டு சேர்ந்துவிட்டதாம். இரட்டைப்படையில் எடுத்துப் போகக் கூடாது, ஒன்பதாவதாக ஒன்று கொடுங்கள் என்று வந்து கேட்டார்கள், கொடுத்தேன் என்றாள். மற்ற எட்டும் அடியிலிருந்த பேரைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. நம்முடையது மட்டும் இன்னும் வரவில்லை.

விஷயம் என்னவென்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருசமா எங்கிட்ட மறைச்சி வெச்சீங்களே, இப்ப ஊருக்கே ஊர்கோலம் போயிட்டு வருது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்த நான் ஏன் எடுத்துக் குடுக்கப்போறேன்?"

பதில் பேச நேரமில்லை. பேனாவையும் பீரோவிலிருந்த ரொக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். தட்டை வாங்கப் போகிறேன் என்றதும் எதிர் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். அவர்களாக அனுப்புமுன் சீரோடு போன தட்டை நாமே போய்க் கேட்டால் மாப்பிள்ளை வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், கல்யாணம் முடியட்டும், நானே பெரியதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போனேன்.

பெருநகரில் இறங்கும்போது மணி பதினொன்றரை. மழை குறையவில்லை. பெண்ணுக்கு எதிர் வீட்டுக்காரன் என்று சொன்னதும் மாப்பிள்ளையின் அப்பா முகம் மாறியது.

"இன்னா சார், பொண்ணு வூட்ல எதுனா சொல்லி அனுப்சாங்களா?"

ஒன்றும் இல்லை, என் தட்டு ஒன்றைப் பார்க்க வேண்டும், பார்த்தால் போதும் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து தாம்பாளத்தை எடுத்து வந்தார். திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்தன. ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சை அவர் விட விடவில்லை.

"உங்களுதா? யார்துன்னே தெரியாம பேஜாரா பூட்ச்சி சார். பேரே இல்ல, ஏதோ இங்கிலீசுல எழுதிகீது. அதான் காலைல நாஷ்டா துன்னுட்டு போட்டோ புட்ச்சி குரூப்ல போட்டேன், இது யாரு தட்டுன்னு."

எந்தக் குரூப் என்று கேட்டேன். நிச்சயதார்த்தக் குரூப்தான் என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். இரு வீட்டு உறவும் சேர்ந்து அறுபத்து மூன்று பேர். என் பன்னிரண்டு சொற்களும் அடி முதல் விளிம்பு வரை பளிச்சென்று தெரிந்தன. கீழே ஒருவர் ரோஜாப்பூ போட்டிருந்தார். இன்னொருவர் மணமக்கள் வாழ்க என்று எழுதியிருந்தார். இங்கிலீஷ் மந்திரம் போல என்று யாரோ ஒரு சித்தப்பா.

உடனே அழித்துவிடுங்கள் அம்மா என்றேன். நல்ல மனுஷி, கேட்டவுடன் அழித்தார். தன் போனில் மட்டும் அழித்தார். மற்ற அறுபத்திரண்டு பேரிடமும் படம் அப்படியே இருந்தது. இனி அவர் நினைத்தாலும் எடுக்க முடியாது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் செல்போன் கடை ஒன்று உண்டு. ஸ்மார்ட்போன் ஒரே ஒரு வகைதான் இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். கடையில் உட்கார்ந்து அடிக்க மனம் ஒப்பவில்லை. மறுபடி மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து, அந்த அம்மாவின் போனிலிருந்து நெட் மட்டும் கேட்டு வாங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பின்னாலிருந்து யாரும் பார்க்க முடியாது.

முதலில் புது வாலெட் ஒன்றை உண்டாக்கினேன். அதற்குப் புதிதாகப் பன்னிரண்டு சொற்கள் வந்தன. காகிதம் கேட்டால் எதற்கென்று கேட்பார்கள். வேட்டியின் உள்மடிப்பில் பேனாவால் எழுதினேன். பிறகு தாம்பாளத்தைப் பார்த்துப் பழைய சொற்களை ஒவ்வொன்றாக அடித்தேன். தொகை தெரிந்தது. குறையவில்லை. சீக்கிரம் போய்ச் சேர அதிகக் கட்டணம் கட்டி, எல்லாவற்றையும் புது வாலெட்டுக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் என்றால், ஆயிரம் ரூபாய் பெறுமானத்தைப் பழையதிலேயே விட்டுவைத்தேன். என் பயம் கிழவனின் வெறும் பயம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்ததாகக் காட்டும்வரை அந்த அம்மா கொடுத்த காபி ஆறிக் கிடந்தது. அவர் தாம்பாளத்தைக் கழுவித் துடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார். வாங்கவில்லை. சீரோடு வந்தது இங்கேயே இருக்கட்டும், உங்கள் பேரைப் பொறித்துக்கொள்ளுங்கள் என்றேன். மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தார்.

மகன் சாயங்காலம் தன் அம்மாவின் போனில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, இதுக்குத்தான் ஆப்லயே விட்டு வைன்னு சொன்னேன். கல்யாண குரூப்ல இருக்கறதெல்லாம் நம்ம ஜனங்க. அதுல யாருக்கு இது புரியும்? சும்மா பயந்துகினு மழைல ஓடிக்கீற."

கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள், திங்கட்கிழமை காலை, பழைய வாலெட்டைத் திறந்து பார்த்தேன். ஆயிரம் ரூபாய் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். மகனை வீடியோவில் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சரி, புதுசை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். உன் அம்மாவுக்குத் தெரியும், நான் போன பிறகு அவளிடம் கேட்டுக்கொள் என்றேன். எங்கே என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

தை மாதம் அந்தக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனேன். பந்தியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் பரிமாறினார்கள். அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர் என் ஆயிரம் ரூபாயோடு அங்கே இருந்தார். நான்கு லட்சம் அவருக்குக் கிடைக்கவில்லை, எனக்கு அது போதும். நான் வாலெட்டை மூடவும் இல்லை, சாவியை யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை.

புது போன் 8,999. அனுப்பிய கட்டணம் 312. பேருந்து போகவர 36. விட்டுவந்த தாம்பாளம் 1,250, இரண்டு கடையிலும் பொறித்த கூலி தனியாக 240. மை ஊறிப்போய் இனிக் கட்ட முடியாத வேட்டி 640. வழித்தெடுத்தவருக்குப் போனது 1,000. ஏரிக்குள் போன பழைய போன் நான் கொட்டாவி விட்டாலே அணைந்துபோகிற நிலையில் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபத்தேழு ரூபாய்.