எக்ஸ் இன்னா?

டிங்...

மேசை மேல் வைத்துத் தட்டுகிற பித்தளை மணியின் சத்தம் எங்கேயாவது கேட்டால், இன்றைக்கும் என் நாக்கில் இஞ்சி டீ ருசி வந்துவிடும். ஒரே வாரத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட ருசி அது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரிகிற ஒரு தனியார் காலேஜ். நான் கணக்கு லெக்சரராகச் சேர்ந்த புதிது. திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ். லெக்சரர் என்று பேர்தானே ஒழிய, யாராவது லீவு போட்டால் அவர்கள் கிளாஸில் போய் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஜூனில் காலேஜ் திறப்பதற்கு முன்னால் ஆசிரியர்களுக்கெல்லாம் ட்ரெய்னிங் என்றார்கள். கரஸ்பாண்டென்ட் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைசி நாளு நீ டெமோ கிளாஸ் எடுக்கணும்மா. ட்ரெய்னர் ஓகே சொன்னா ஃபர்ஸ்ட் இயர் உனக்கு. இல்லன்னா எக்ஸாம் செல்லுல உக்காந்துகினு ஹால் டிக்கெட்டுக்கு சீல் குத்து."

எனக்குப் பாடம் நடத்தணும். அதற்காகத்தானே அவ்வளவு படித்தேன்... சீல் குத்தவா?

ட்ரெய்னர் சென்னையிலிருந்து வந்தார். கள்ளக்குறிச்சி வெயிலில் கோட்டு! மேடை ஏறியதும் முதல் ரூலே எங்கள் வாயில் கை வைத்தது.

"ப்ரொஃபஷனலா பேசணும். இந்த ஹாலில் இனிமேல் 'இன்னா' கிடையாது. 'வந்துகினு', 'போய்க்கினு' கிடையாது. யார் சொன்னாலும் மணி அடிப்பேன்."

பிரின்சிபால் மேசையிலிருந்த மணியை வாங்கி ட்ரெய்னர் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

முதலில் மாட்டியது வேறு யாருமில்லை, தமிழ்த்துறை கலியமூர்த்தி சார்.

"இன்னா சார், இப்புடி சொல்லிட்டீங்க?"

டிங்!

கதவு திறந்தது. அட்டெண்டர் ஏழுமலை அண்ணன், தட்டு நிறைய டீயோடு.

விஷயம் என்னவென்றால், எங்கள் காலேஜில் அந்த மணிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பிரின்சிபால் ரூமில் விருந்தாளி வந்திருக்கிறார், டீ கொண்டு வா. அந்த மணியைத் தூக்கிப்போய்த் திட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள் என்று ஏழுமலை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

நிர்வாகத்தின் உபசரிப்பு பலமாக இருக்கிறதே என்று ட்ரெய்னர் நினைத்துக்கொண்டு குடித்தார். சென்னை ஆள் டீ இல்லாமல் இருக்கமாட்டார் போல என்று கரஸ்பாண்டென்ட் நினைத்துக்கொண்டார். எங்களுக்கு உண்மை தெரியும். ஆனால் தானாக வருகிற டீயை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அடுத்த நாளிலிருந்து கலியமூர்த்தி சாருக்குத் தலைவலி வரும்போதெல்லாம் வாயில் ஒரு "இன்னா" வந்தது. டிங்... டீ. மதியத் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் காமர்ஸ்காரர்கள் ஆள் மாற்றி ஆள் "எழுதிகினு இருக்கோம் சார்" என்றார்கள். டிங்... டீ. ட்ரெய்னர்தான் பாவம், மரியாதைக்காக ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டு அடிக்கடி பாத்ரூம் பக்கம் ஓடினார்.

நான் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு டெமோ பயம்.

அந்த நாளும் வந்தது. ட்ரெய்னர் மாணவன் மாதிரி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். மணி இப்போது கரஸ்பாண்டென்ட் கையில். எல்லோருக்கும் புரியட்டும் என்று பள்ளிக்கூடக் கணக்காகவே போர்டில் எழுதினேன். 2x + 3 = 11.

அடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். "எக்ஸ்..."

அதற்கு மேல் வரவில்லை. 'என்ன' என்று சொல்லணும் என்று மூளை சொல்கிறது, நாக்கு 'இன்னா'வுக்குத் தயாராக நிற்கிறது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், சீல்தான் என்று முடிவே செய்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போது மணியே அடிக்காமல் கதவு திறந்தது.

"இன்னா சார், ரொம்ப நேரமா மணியக் காணோம்? டீ புடிக்கலியா?"

ஏழுமலை அண்ணன் பதறிக்கொண்டு வந்த வேகத்தில் பெஞ்ச் கால் தட்டி, ஒரு கிளாஸ் டீ அப்படியே ட்ரெய்னரின் சந்தனக் கலர் பேன்ட் மேல்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? பாத்துகினு வரமாட்டியா!"

கத்தியது ட்ரெய்னரேதான்.

கரஸ்பாண்டென்ட் ஐயா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், மணியைத் தட்டினார். டிங்!

"தோ, இன்னொன்னு எத்துக்கினு வர்றேங்க," என்று ஏழுமலை அண்ணன் ஓடினார்.

அப்புறம் வந்த சிரிப்பு இருக்கிறதே... கலியமூர்த்தி சார் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ட்ரெய்னரும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு ரிஷிவந்தியம் பக்கந்தாங்க. எங்க வூட்ல இன்னும் இப்புடித்தான் பேசிகினு இருக்காங்க. சென்னைல முதல் வேலைல இதுக்காக என்னைய அவ்ளோ கிண்டல் பண்ணாங்க... நீங்க கேளுங்க மேடம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"எக்ஸ் இன்னா?"

"நாலு!" ஹாலே கத்தியது, கரஸ்பாண்டென்ட் உட்பட.

அந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர் எனக்குத்தான்.

இப்போது ட்ரெய்னிங் எல்லாம் ஆன்லைனில் நடக்கிறது. எல்லோரும் மியூட். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்றே தெரியாது, கடைசியில் ஒரு "தேங்க் யூ சார்" டைப் செய்தால் சர்டிஃபிகேட் மெயிலில் வந்துவிடும். ஏழுமலை அண்ணன் ரிடையர் ஆகிவிட்டார். பிரின்சிபால் ரூமில் இன்டர்காம் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் புது பேட்ச். மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். "எக்ஸின் மதிப்பு என்ன?" என்று கேட்டேன். ஒருத்தரும் நிமிரவில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "சரி... எக்ஸ் இன்னா?"

கடைசி பெஞ்சில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது, அப்புறம் பதில் வந்தது.

என் கண் மட்டும் தன்னால் கதவுப் பக்கம் போனது. டீ வரவில்லை.