யோகராசா குழைத்த சோறு

யோகராசாவுக்கு முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரேயொரு பெருமைதான். சுகயீன லீவு என்று ஒரு நாளும் எடுத்ததில்லை. வெள்ளம் வந்து வயல் வட்டையெல்லாம் கடலாய்க் கிடந்த மார்கழியிலும் மண்டூர்த் துறையில் தோணி பிடித்து, வாவியைக் கடந்து, சேற்றுக் காலோடு கந்தோர் வாசலில் நின்ற மனிதர். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடிப்பார், இரண்டு பெனடோலைப் போடுவார், வெளிக்கிட்டுவிடுவார். படுத்தால்தான் வருத்தம் கூடும் என்பது அவருடைய வைத்தியம். அதைக் கேட்டு மனைவி சீதேவிப்பிள்ளைக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அதே மனிதர்தான் கொரோனாக் காலத்தில் கந்தோர் வாசலுக்கு அறிவித்தல் எழுதி ஒட்டியவர். 'தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளோர் உள்ளே வர வேண்டாம்.' அச்சடித்த மாதிரி எழுத்து. வெயில் பட்டு மை மங்கியும் அந்தத் தாள் கண்ணாடியில் அப்படியே இருந்தது. தலைமைக் கிளாக்கர் எழுதியதாயிற்றே, யார் கிழிப்பது? ஊருக்குத்தானே உபதேசம்!

அந்தக் கந்தோரில் வெள்ளிக்கிழமை வந்தால் குழையல். வெள்ளியென்றால் தமிழாட்களுக்கு மரக்கறி. மரக்கறி என்றால் முஸ்லிம் ஆட்களுக்கும் தடையில்லை. ஆகவே ஜும்மா முடிந்து அவர்கள் திரும்பி வந்ததும் அத்தனை பேரின் சாப்பாட்டுப் பெட்டிகளும் ஒரே தாச்சிச் சட்டியில் கவிழும். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பொரித்த மோர்மிளகாய், மேலே ஒரு முட்டித் தயிர். குழைப்பது யோகராசாவின் வலது கை. குழைத்து, உருண்டை பிடித்து, வரிசையாக நீளும் உள்ளங்கைகளில் வைப்பார். அந்தக் கைக்கு ஒரு ருசி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அவரும் நம்பினார்.

வரிசையில் நிற்காத ஒரே ஆள் இர்ஷானா. காத்தான்குடிப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம். முகக்கவசத்தைக் கழற்ற மாட்டாள். வந்ததும் மேசையைத் துடைப்பாள், கீபோர்டைத் துடைப்பாள், கைரேகை மெஷினில் விரலை வைத்துவிட்டுக் கை கழுவ ஓடுவாள். யன்னலோரம் தனியே இருந்து சாப்பிடுவாள். 'சோப்புக்காரி' என்று அவளுக்குப் பட்டம் வைத்தது யோகராசாதான். சும்மா பகிடிக்கு வைத்தார். அது கந்தோர் முழுக்கப் பரவிவிட்டது. அவளும் சிரித்தாள். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை விடியவே யோகராசாவுக்கு உடம்பு கொதித்தது. தொண்டை முள்ளாய்க் குத்தியது. இன்றைக்கு வீட்டில் நில்லுங்கள் என்று சீதேவிப்பிள்ளை மறித்தாள். பிரியாவிடைக் கூட்டத்தில் 'லீவே எடுக்காத தலைமைக் கிளாக்கர்' என்று பேசப் போகிறார்கள், இப்போது போய் அதைக் கெடுக்கவா என்று அவளை ஏசிவிட்டு வெளிக்கிட்டார். தான் எழுதிய அறிவித்தலைத் தாண்டித்தான் உள்ளே போனார். பகல் தாச்சி வந்தது. இரண்டு தடவை இடது கைக்குள் இருமினார், மூன்றாவது இருமல் அடக்க முடியாமல் தாச்சிப் பக்கமே வெடித்தது. மிளகாய்க் காரம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கென்று அவருக்கு ஒரு ஆசை பிறந்தது. போகிறதுக்கு முதல் இந்தப் பிள்ளைக்கும் ஒரு உருண்டை கொடுக்க வேண்டும். யன்னலடிக்கே போனார்.

"மகள், நான் போகப் போற ஆள். இந்தக் கையால ஒரு வாய் திண்டாக் குறைஞ்சா போயிருவாய்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோ 'சோப்புக்காரி' என்று மெல்லச் சொல்ல, சிரிப்பு எழும்பியது. இர்ஷானா முகக்கவசத்தை இறக்கினாள், கையை நீட்டினாள், தின்றாள். யோகராசாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

திங்கட்கிழமை நாலு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. செவ்வாய் ஆறு. இர்ஷானாவின் கதிரை அந்தக் கிழமை முழுக்க அப்படியே கிடந்தது. யோகராசாவுக்கோ காய்ச்சல் விட்டு, நல்ல பசியும் எடுத்தது. வெள்ளிக்கிழமை தேத்தண்ணி கொண்டுவந்த தங்கராசா விசயத்தைச் சொன்னான். இர்ஷானாவின் வாப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றியதாம். கொடுத்தது அவளுடைய உம்மாவாம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மருந்து குடிக்கிறாராம், அந்த மருந்தினால் ஒரு சின்னத் தடிமனைக்கூட அவர் உடம்பு தாங்காதாம். இப்போது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருக்கிறார்களாம். உம்மா கொடுத்த சிறுநீரகம் தப்புமோ தெரியாதாம்.

யோகராசா கோப்பையைத் தள்ளி வைத்தார். ஆரிடமிருந்து ஆருக்குப் போனது என்று ஆர் கண்டது, ஊரெல்லாம் காய்ச்சல்தானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு அதைக் கேட்குமா? சாப்பிட இருக்கும்போதெல்லாம் அந்த இருமல் காதில் கேட்டது. சோற்றைப் பிசையவே கூசியது. சீதேவிப்பிள்ளை கேட்டதற்குப் பல்வலி என்றார்.

பதினோராம் நாள் வாப்பாவை வீட்டுக்கு விட்டார்கள் என்று அறிந்து, ஒரு குலை செவ்விளநீர் கட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். படலையிலேயே உம்மா அதைக் கண்டுவிட்டு, சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீர் ஆகாது என்று பணிவாகச் சொன்னாள். நல்லதென்று கொண்டு போனதும் நஞ்சு! யோகராசா குலையை மதிலோரம் வைத்தார். முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு விறாந்தைக்கு வெளியிலேயே நின்றார்.

இர்ஷானாவின் வாப்பா சரீப் சாய்மனைக் கதிரையில் மெலிந்து கிடந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க சேர். உங்கட கையால சோறு தந்தீங்களாம். அண்டைக்கு வந்ததிலிருந்து புள்ளைக்கு அதே கதைதான். 'இப்பதான், வாப்பா, என்னையும் அவங்கள்ள ஒராளா எடுத்திருக்காங்க' எண்டு சொன்னவ. பெரிய உபகாரம் சேர்."

அடித்திருந்தால் யோகராசா தாங்கியிருப்பார்.

"சரீப் காக்கா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். தெரிஞ்சிதான் கந்தோருக்குப் போனன். தெரிஞ்சிதான் குழைச்சன். என்ட பேருக்காகத்தான்."

உம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவடியில் நின்ற இர்ஷானாதான் பேசினாள்.

"எனக்கும் தெரியும் சேர். நீங்க காலையில பெனடோல் போட்டதக் கண்டன். இருமினதும் கேட்டிச்சி. வேணாமெண்டு சொன்னாத் திரும்பவும் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் வாப்பா, வாங்கித் திண்டன்." கடைசி வார்த்தைகளை அவள் இவருக்குச் சொல்லவில்லை, வாப்பாவுக்குச் சொன்னாள். இதையும் இத்தனை நாள் அவள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சிரிப்பைத் தொடக்கி வைத்தது ஆர்? பட்டம் வைத்த வாயும் உருண்டை பிடித்த கையும் ஒருவருடையதுதானே. கும்பிடவும் கை எழும்பாமல் யோகராசா நின்றார். சரீப் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். இவரைப் பார்த்து, "மறுகா ஒரு நாளைக்கு வாங்க சேர். இருமல் இல்லாட்டி மட்டும் வாங்க," என்றார்.

ஓய்வுபெற எட்டு நாள் இருக்கையில் யோகராசாவுக்கு மீண்டும் மூக்கு ஒழுகியது. படலை வரை போனவர் திரும்பி வந்தார். கந்தோருக்குப் போனில் கோல் எடுத்து, தடிமன், சுகயீன லீவு போடுங்கள் என்றார். எட்டு நாளுக்காகப் பேரைக் கெடுக்கிறீர்களே என்று அந்தப் பக்கம் பகிடி பண்ணினார்கள். இவர் சிரிக்கவில்லை. அந்த முப்பத்திரண்டு வருடமும் ஆருடைய நெஞ்சிலெல்லாம் சளியாய்ப் போய்க் கட்டியதோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பகல் போன் அடித்தது. ரிப்போட் வந்துவிட்டது என்றாள் இர்ஷானா. உம்மா கொடுத்த சிறுநீரகம் அரைவாசிதான் வேலை செய்கிறதாம். இரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினுக்கு இப்போதைக்குப் போகத் தேவையில்லையாம். மற்ற அரைவாசியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர் போனில் என்று சீதேவிப்பிள்ளை குசினியிலிருந்து கேட்டாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் சோப்புக்காரி, சோப்புக்காரி என்றே கதை.

"இர்ஷானா," என்றார் யோகராசா.

அது ஆர் என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.